கண்ணாடி வெளிப்பக்கம் வியர்க்கிறது: ஜன்னல் படங்கள், 23-ஆம் நாள்

இன்று காலை 5.52-க்கு ஒரு படம் கிடைத்துவிட்டது. என் படுக்கையறை ஜன்னலை மட்டுமே நாற்பது நாள் படமெடுப்பது என்று ஆரம்பித்து, 23 நாளில் அறுநூற்றுச் சொச்சம் முறை ஷட்டரை அழுத்தியதில் இதுவரை தேறியவை மூன்று. இது நான்காவது. மற்ற மூன்றையும் இப்போது பார்த்தால் அழித்துவிடலாம் போலிருக்கிறது.

இதற்கு முன் எட்டு மாதம் கேமராவைத் தொடவே கை வரவில்லை. சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு விடியற்காலை, வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரைச் சுற்றி ஏழு பேர் குந்தி உட்கார்ந்து படமெடுத்தார்கள். எட்டாவது ஆள் நான். எட்டுப் பேரும் எடுத்தது ஒரே படம்தான் என்று வீட்டுக்கு வந்ததும் தெரிந்தது. எல்லாருக்கும் வரும் நோய் எனக்கும் வந்தது. புது லென்ஸ் வாங்கினால் தீரும் என்று நினைத்தேன், வாங்கினேன், தீரவில்லை.

பிறகுதான் யோசெஃப் சுடெக் நினைவுக்கு வந்தார். முதல் உலகப் போரில் வலது கையை இழந்த செக் நாட்டுப் புகைப்படக்காரர். பெரிய மரக் கேமராவை ஒற்றைக் கையால் கையாண்டவர். 1940 முதல் 1954 வரை பிராகில் தன் ஸ்டூடியோ ஜன்னலையே திரும்பத் திரும்ப எடுத்தார். ஆவி படிந்த கண்ணாடி, வழியும் துளிகள், பின்னால் தோட்டத்தில் முறுக்கிய ஒரு மரம். என் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியேயும் ஒரு முருங்கை நிற்கிறது. ஐப்பசி மழையும் ஆரம்பித்துவிட்டது. ஒரே ஜன்னல், ஒரே 50 மி.மீ. லென்ஸ், நாற்பது நாள் என்று முடிவு செய்தேன்.

முதல் வாரம் முழுக்கத் தோல்வி. கண்ணாடியில் ஆவி படியவே இல்லை. பிராகில் வெளியே குளிர், உள்ளே கதகதப்பு. அதனால் அவருக்குக் கண்ணாடி உட்பக்கம் வியர்த்தது. மடிப்பாக்கத்தில் உள்ளேயும் வெளியேயும் ஒரே புழுக்கம். இட்லிப் பானையைக் கொண்டுவந்து ஜன்னலடியில் திறந்து வைத்தேன். இரண்டு நிமிடம் நின்றது, மூன்றாவது நிமிடம் காணோம்.

எட்டாம் நாள்தான் புத்தி வந்தது. இங்கே எல்லாம் தலைகீழ். அறையை ஏ.சி. போட்டுக் குளிர வைத்தால் கண்ணாடி வெளிப்பக்கம் வியர்க்கும். மழைநாளில் காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கிறது. காலை நாலரைக்கு 18 டிகிரியில் வைத்து, காற்றை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டேன். ஐந்தரைக்குக் கண்ணாடி மோர் போல வெளுத்திருந்தது. அம்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். “அடைமழையில் யாராவது ஏ.சி. போடுவார்களா? கரண்ட் பில்லை நீயே கட்டு.” கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நுண்ணிய மூட்டம் மெல்லத் திரண்டு துளியாகும், துளிகள் சேர்ந்து கனம் தாங்காமல் வழியும். நல்ல வெளிச்சமும் நல்ல துளிகளும் ஒன்றாக இருப்பது இருபது நிமிடம் போல. அதற்குள் ஃபோகஸ் செய்ய வேண்டும். என்னைப் பதினைந்து நாள் பாடாய்ப் படுத்தியது இந்த ஃபோகஸ்தான்.

ஒவ்வொரு துளிக்குள்ளும் முருங்கை தலைகீழாகத் தெரிகிறது. துளியின் விளிம்பைக் கூர்மையாக்கினால் உள்ளே மரம் கலங்குகிறது. என் கண்ணில்தான் கோளாறு என்று நான்கு நாள் நினைத்தேன். துளி ஒரு குட்டி லென்ஸ். அது உருவாக்கும் பிம்பம் துளியின் மேல் இல்லை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சில மில்லிமீட்டர் தள்ளி, அறைக்குள் அந்தரத்தில் நிற்கிறது! கேமராவின் பின்திரையில் (லைவ் வியூ) பத்து மடங்கு பெரிதாக்கி, ஃபோகஸ் வளையத்தை மயிரிழை அளவு என் பக்கம் இழுத்தபோது மரம் எழுந்து நின்றது. விளிம்பு போய்விட்டது. லென்ஸின் வாயை அகலத் திறந்து எஃப் 2.8 வைத்தால் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். வாயைச் சுருக்கி எஃப் 16 வைத்தால் இரண்டும் வரும், கூடவே கண்ணாடியின் அழுக்கு முழுவதும் வரும். எஃப் 11 வைத்து ஃபோகஸை இரண்டுக்கும் நடுவே நிறுத்துவதுதான் வழி.

இவ்வளவு கிட்டத்தில் எடுக்க, கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூப் ஒன்று வாங்கினேன். “எல்லா லென்ஸுக்கும் போகும் சார்” என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். போகிறது, ஆனால் கேமரா லென்ஸோடு பேச உள்ளே மின்முனை கிடையாது. எஃப் எண்ணை மாற்றவே முடியாது. லென்ஸை நேராகக் கேமராவில் மாட்டி, எஃப் 11 வைத்து, லென்ஸின் வாயை அந்த அளவுக்குச் சுருக்கிக் காட்டும் பிரிவ்யூ பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே கழற்றி, பிறகு டியூபில் பொருத்துகிறேன். தூக்கக் கலக்கத்தில் இதற்கு மூன்று கை வேண்டும். சுடெக்கை நினைத்துக்கொண்டால் புலம்ப வாய் வருவதில்லை.

இன்னொரு சங்கதி. ஏ.சி.யின் வெளி யூனிட் ஜன்னலுக்குக் கீழேயே தொங்குகிறது. கால் நொடி ஷட்டரில் அதன் அதிர்வு துளிகளை இரட்டையாக்குகிறது. ஆகவே துளி திரண்டதும் ஏ.சி.யை அணைத்து, இரண்டு நொடி டைமர் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

இன்றைய படத்தில் ஒரு துளி வழிந்து கோடு கிழித்திருக்கிறது. அந்தக் கோட்டில் மட்டும் மூட்டம் இல்லை. அதன் வழியே அடுத்த வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கும் பெண்ணின் சிவப்புக் குடை மங்கலாகத் தெரிகிறது. பக்கத்துத் துளிகளில் ஏழெட்டுத் தலைகீழ் முருங்கைகள். படமெடுக்கும்போது அந்தக் குடையை நான் கவனிக்கவே இல்லை.

இவற்றை சயனோடைப்பில் அச்சிட ஆசை. ரசாயனம் பூசிய தாளின் மேல் நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டினால், அதே அளவில் நீலப் படம் விழும் பழைய முறை அது. சுடெக்கும் பிற்காலத்தில் படங்களைப் பெரிதாக்காமல் நெகட்டிவ் அளவிலேயே அச்சிட்டார். அதற்கு வேண்டிய இரண்டு ரசாயனங்களில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு இருக்கிறது. ஃபெர்ரிக் அமோனியம் சிட்ரேட்டுக்குப் பாரிமுனையில் விசாரித்தால் அரைக் கிலோவுக்குக் குறைந்து தர மறுக்கிறார்கள். யாராவது பங்கு போட்டுக்கொள்வதாக இருந்தால் சொல்லுங்கள். அச்சிட வெயில் வேண்டும், அதற்கு மார்கழி பிறக்க வேண்டும். நீலத்தில் அச்சிட்டால் அந்தச் சிவப்புக் குடை என்ன ஆகும் என்பதை இன்னும் யோசிக்கவில்லை.

பாக்கி 17 நாள். கீழ்வீட்டுக்காரர் முருங்கையில் கம்பளிப்பூச்சி என்று கிளைகளை வெட்டப்போவதாகச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன்.