காளைக்குக் கடன்

பொன்முடியாரின் புறநானூற்றுப் பாட்டை எத்தனை வகுப்புகளில் நடத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. 312ஆம் பாட்டு. பெற்று வளர்ப்பது தாய்க்குக் கடன், சான்றோன் ஆக்குவது தந்தைக்கு, வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்கு, நன்னடை நல்குவது வேந்தனுக்கு. கடைசியில் வருவதுதான் பையன்களுக்குப் பிடித்த இடம்: ‘களிறெறிந்து பெயர்தல் காளைக்குக் கடனே.’ யானையைக் கொன்று மீள்வது இளைஞனின் கடமை. அந்த வரியில் குரலை உயர்த்துவேன். அவர்கள் பெஞ்சைத் தட்டுவார்கள். கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்கு நடந்து போய்விடுகிற தூரத்தில் இருந்த ஆண்கள் பள்ளி அது. பாதிப் பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள்.

2012 ஜூலையில் ஒருநாள் காலை, ஒன்பதாம் வகுப்பில் அந்த வரியைச் சொல்லி முடித்த நேரம், வாசலில் ஒரு பையன் வந்து நின்றான். அந்த வாரத்தில் மூன்றாவது தாமதம். ஏண்டா என்றேன்.

“சோறாக்கி வச்சிட்டு வரேன் சார். அம்மா விடியக்காலயே ஏலத்துக்குப் போயிடுச்சி. தங்கச்சிங்க சாப்பிடணும்.”

மறைக்கத் தெரியாத பிள்ளை. பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: “சோறாக்கி வைத்தல் காளைக்குக் கடனே!” வகுப்பு மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஒரு மாணவன் பாட்டின் ஓசையைப் பிடித்து அதே அச்சில் இன்னொரு வரி கட்டிவிட்டானே என்று தமிழாசிரியனாக மகிழ்ந்த சிரிப்பு அது. “சும்மா இருடா” என்று அதட்டினேன். அந்த அதட்டலிலும் பாராட்டுத்தான் இருந்தது. வாசலில் நின்றவன் முகத்தை நான் பார்க்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்த பாட்டையே எடுத்து ஒருவன் இன்னொருவனை அடித்தான். அந்தக் கல்லைக் கையில் கொடுத்தவன் நான்.

அதற்கு ஏழு மாதம் முன்பு, 2011 டிசம்பர் 30 அன்று, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. அவன் அப்பாவின் படகு அதில் உடைந்துபோனது. கடனை அடைக்க அவர் கேரளக் கரைக்கு வேலைக்குப் போய்விட்டார். அம்மா விடியுமுன் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, திருப்பாதிரிப்புலியூர்த் தெருக்களில் கூவி விற்றுவிட்டு மதியம்தான் திரும்புவார். வீட்டில் இரண்டு தங்கைகள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

‘காளை’ அவன் பெயராகிவிட்டது. ஆகஸ்டில் வருவதை நிறுத்திவிட்டான். மீன் வாங்கப் போன இடத்தில் பார்த்தேன். ஐஸ் பெட்டி இழுத்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கு வா என்றேன். “இங்க யாரும் சிரிக்கிறதில்ல சார்” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவன் வீட்டுக்கும் இரண்டு முறை போய்ப் பேசிப் பார்த்தேன். அவன் வரவில்லை.

பேச்சுப் போட்டிக்கு ஒரு மாணவனைத் தயார் செய்வதற்காகக் குறளைப் புரட்டியபோது இது கண்ணில் பட்டது:

‘நல்லாண்மை என்பது ஒருவற்குத் தான்பிறந்த
இல்லாண்மை ஆக்கிக் கொளல்.’

குடிசெயல்வகையில் வரும் குறள், 1026. குடியை உயர்த்தி ஆளும் தன்மை என்று உரையாசிரியர்கள் பெரிதாகப் பொருள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு இருட்டோடு எழுந்து உலை வைக்கிற ஒரு பதினான்கு வயதுப் பையன்தான் தெரிந்தான். வள்ளுவர் நல்லாண்மை என்று எதைச் சொன்னாரோ அதைச் செய்துவிட்டு வந்த ஒருவனை, தமிழ் வகுப்பின் வாசலில் நிறுத்திச் சிரித்திருக்கிறோம்.

பிறகு ஆண்மை என்ற சொல்லையே தேடிப் படித்தேன். பிறன்மனை நோக்காததைப் ‘பேராண்மை’ என்கிறது 148ஆம் குறள். படைச்செருக்கு அதிகாரத்திலேயே, போர்க்களத்து வீரத்தைப் பேராண்மை என்று ஒப்புக்கொண்ட கையோடு, பகைவனுக்கு ஒரு தாழ்வு வந்தால் அவனுக்கு உதவுவதுதான் அதன் கூர்மை என்று சொல்லிவிடுகிறார். ‘ஊராண்மை மற்றதன் எஃகு.’ ஆனால் பையன்கள் என்னிடமிருந்து எடுத்துப்போனது யானையைக் கொன்றவனை மட்டும்தான். மீசையை முறுக்குவதற்கும், குடிக்கலன்னா நீ என்னடா ஆம்பள என்று கேட்பதற்கும் தெருவும் சினிமாவும் ஏற்கெனவே கற்றுக்கொடுத்திருந்தன. அதற்கு இரண்டாயிரம் ஆண்டுப் பெருமையை நான் சேர்த்துக் கொடுத்தேன்.

‘வினையே ஆடவர்க்கு உயிரே, வாணுதல் மனையுறை மகளிர்க்கு ஆடவர் உயிர்’ என்ற குறுந்தொகை வரியும் அப்படித்தான். பணி ஓய்வு விழாக்களில் வாழ்த்து மடல்களில் அச்சடிக்கிறோம். பெருங்கடுங்கோவின் அந்தப் பாட்டு (135) அங்கே முடிவதில்லை. நமக்கு இதைச் சொன்னவரே பயணத்தை நிறுத்திவிடுவார், அழாதே என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள்: ‘அழாஅல் தோழி அழுங்குவர் செலவே.’ வேலைதான் உயிர் என்றவன் கடைசியில் போகாமல் நின்றுவிடுவதுதான் பாட்டு. முன்பாதியை வெட்டி எடுத்துப் பழமொழி ஆக்கிக்கொண்டோம். அதுவும் எந்த ஊரில்? மகளிர் நாலு மணிக்கே ஏலக்கரையில் நிற்கிற ஊரில்.

2013இலிருந்து புறநானூற்றின் 312ஐ நடத்தினால் கூடவே 245ஆம் பாட்டையும் படிப்பது என்று வைத்துக்கொண்டேன். சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை தன் மனைவியைச் சிதையில் வைத்துவிட்டுப் பாடியது. ‘ஞாங்கர் மாய்ந்தனள் மடந்தை, இன்னும் வாழ்வல் என்இதன் பண்பே.’ அவள் போய்விட்டாள், நான் இன்னும் உயிரோடு இருக்கிறேனே, இது என்ன இயல்பு என்று ஓர் அரசன் புலம்புகிறான்.

முதல் தடவை படித்தபோது ஒருவன் கேட்டான்: “ராஜா அழுவுவாரா சார்?”

நான் பதில் சொல்லுமுன் நடு பெஞ்சிலிருந்து தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் பேசினான். “சுனாமியப்ப எங்க தாத்தா அழுதாரு சார். ஆயா போயிடுச்சில்ல. அப்பறம் எல்லாரும் ஆம்பள அழுவலாமான்னாங்க. அவரு அழுவுறத நிறுத்திட்டு குடிக்க ஆரம்பிச்சிட்டாரு.”

யாரும் சிரிக்கவில்லை. அன்று அதற்கு மேல் பாடம் நடத்தவில்லை. ஒவ்வொருவனாகப் பேசினான், மணி அடித்த பிறகும் சிலர் போகவில்லை. என் பணிக்காலத்தில் நான் மிகக் குறைவாகப் பேசி, மிக அதிகம் கற்றுக்கொண்ட வகுப்பு அது.

சில பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை. “ஆம்பளப் புள்ளைங்கள அழுவ வைக்கிறீங்களாமே” என்று ஒரு தகப்பனார் வந்து கேட்டார். அவரை உட்காரவைத்து அந்தப் பாட்டையே படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். என்ன நினைத்தார் என்று தெரியவில்லை.

2021இல், ‘காளை’ என்று பெயர் வாங்கிய அந்தப் பையனை மறுபடி பார்த்தேன். பையன் இல்லை, படகில் பங்கு வைத்திருக்கிற இளைஞன். அவனாகவே வந்து பேசினான். “பெரிய தங்கச்சி பெரியார் காலேஜ்ல தமிழ் எடுத்திருக்கு சார். புறநானூறு உரை எது வாங்கணும்னு கேக்குது.”

வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் என்னுடைய புத்தகத்தை எடுத்து வைத்தேன். கொடுப்பதற்கு முன் புரட்டிப் பார்த்தேன். 312ஆம் பாட்டின் ஓரத்தில், வேலைக்குச் சேர்ந்த புதிதில் பென்சிலால் எழுதியது அப்படியே இருந்தது: ‘இங்கே குரலை உயர்த்த வேண்டும்.’ ரப்பரைக் கையில் எடுத்தேன். பிறகு அழிக்காமலே கொண்டுபோய்க் கொடுத்தேன்.