இலத்தாளம் ஏன் உடைந்து கேட்டது: விலை கூடிய ஐஇஎம், விமர்சனம், 7.2 கிலோஹெர்ட்ஸ்

விலை கூடிய ஐஇஎம் (காதுக்குழாய்க்குள் செருகும் இயர்போன்) ஒன்றில் இலத்தாளம் உடைந்து கேட்டது. ஏன் என்று தேடிச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். இடது காது முடிந்தது. வலது காது இன்னும் பிடிவாதம் பிடிக்கிறது. ஆனாலும் இதுவரை பிடிபட்டதே பலருக்கும் உதவும் என்பதால் பாதி வேலையிலேயே எழுதி வைக்கிறேன்.

அந்த ஐஇஎம்மில் ஒன்பது டிரைவர் (ஒலியெழுப்பும் பாகம்), லட்சத்தைத் தாண்டிய விலை. எந்த விமர்சனத்தை எடுத்தாலும் "ட்ரெபிள் (மேல் அலைவரிசை ஒலி) மிருது, எவ்வளவு நேரம் கேட்டாலும் உறுத்தாது" என்ற ஒரே பாட்டு. அதில் கேரளத்துப் பஞ்சவாத்தியப் பதிவைப் போட்டால் திமிலை, மத்தளம், இடைக்கா எல்லாம் அருமை. கொம்புகூடப் பரவாயில்லை. இலத்தாளம் என்ற வெண்கலத் தாளம் மட்டும் ஒற்றைச் சுரத்தில் கிணுகிணுக்கிறது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மேளத்துக்குப் போகிற ஆசான் ஒருவர் காதில் மாட்டிவிட்டு உடனே கழற்றிவிட்டார். "திமிலை சரிதானுங்க, தாளந்தான் ஒடஞ்ச தாளமாட்டம் கேக்குது" என்றார். 'டிம்ப்ரே' (நாதத்தின் தன்மை) என்ற சொல்லை வைத்துப் பத்துப் பத்தி எழுதும் விமர்சனங்களைவிட இந்த ஒரு வரி வேலைக்கு ஆனது. மாடல் பெயரைச் சொல்லப்போவதில்லை. குற்றத்தில் பாதி கருவியுடையது, மீதி காதுடையது.

விமர்சகர் பொய் சொல்கிறார் என்று கிளம்பிவிட வேண்டாம். அவர் காதில் அது மிருதுவாகத்தான் கேட்டிருக்கும். காரணம் ஐஇஎம் காதுக்குள் போகும் ஆழம். டிப்பின் (நுனியில் மாட்டும் ரப்பர் உறை) வாய்க்கும் செவிப்பறைக்கும் இடையில் அடைபட்டிருக்கும் காற்று, இரு முனையும் மூடிய குழல். அதன் முதல் அதிர்வு அரை அலைநீளத்தில் வரும். அந்த அலைவரிசையில் ஒலி எகிறும், அதைத்தான் உச்சி என்கிறேன். காதுக்குள் ஒலியின் வேகம் நொடிக்கு 350 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 22 மி.மீ. மிச்சமிருந்தால் உச்சி 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம். 24.3 மி.மீ. என்றால் 7.2. 19.4 மி.மீ. என்றால் 9. இரண்டரை மி.மீ. கூடக் குறைய உட்கார்ந்தாலே உச்சி 800 ஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். இந்தக் கருவியின் ட்வீட்டருக்கு (ட்ரெபிளுக்கான டிரைவர்) 7.2-இல் சொந்தமாகவே ஒரு சின்ன மேடு இருக்கிறது. ஆழமாகச் செருகுகிறவருக்குக் காதுக்குழாய் உச்சி 9-க்கு மேலே போய்விடுவதால் அந்த மேடு தனியாக நிற்கும், கண்டுகொள்ள மாட்டார். மேலாகச் செருகுகிற காதில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன.

விமர்சனங்களில் வரும் அலைவரிசை கிராஃபில் இது ஏன் தெரியவில்லை என்றால், 711 என்று நாம் கூப்பிடும் ஐஇசி 60318-4 கப்ளரில் (காதுக்குழாயைப் போலச் செய்த அளவுக் கருவி) அளக்கும்போது உச்சி 8 கிலோஹெர்ட்ஸில் விழும் ஆழத்துக்கு வைத்து அளப்பது வழக்கம். ஒன்றோடொன்று ஒப்பிட வசதியாகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. நம் காது அந்த ஏற்பாட்டில் கையெழுத்துப் போடவில்லை. 8-இல் நிற்கும் மேட்டைப் பார்த்து "ஐயோ, உறுத்துமே" என்பதும் தப்பு, 7.2-இல் சமதளமாக இருக்கிறதே என்று நம்புவதும் தப்பு. 8-க்கு மேலே 711-ஐ ஆதாரமாகக் காட்டுகிறவரோடு வாதாடுவதை நான் விட்டுவிட்டேன். புரூயல் அண்ட் கெயர் 5128 என்ற அளவுத் தலை மனிதக் காதுக்கு இன்னும் நெருக்கம்தான், ஆனால் அதுவும் ஒரு சராசரிக் காது.

இனி முக்கியமான வேலை: உங்கள் காதில் உச்சி எங்கே இருக்கிறது, அது யாருடையது என்று கண்டுபிடிப்பது. இதைச் சரியாகச் செய்தால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

டோன் ஜெனரேட்டரில் சைன் அலை. 5-இலிருந்து 10 கிலோஹெர்ட்ஸ் வரை அரை நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாக ஏற வேண்டும். ஒலியளவு பக்கத்தில் இருப்பவர் மெல்லப் பேசும் அளவுக்கு மேல் வேண்டாம். உச்சியைத் தொடும்போது ஊசி குத்தியதுபோல் ஏறும், பழக்கமில்லாதவர்கள் அங்கே காதைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். ஒரு காது மட்டும் ஓட வேண்டும். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் இடது வலது உச்சிகள் கலந்து ஒன்றும் புரியாது. எங்கே திடீரென்று எகிறுகிறதோ அங்கே நிறுத்தி, முன்னும் பின்னும் 100 ஹெர்ட்ஸ் நகர்த்தி, மிக உரத்த புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கருவியை விரலால் லேசாக உள்ளே அழுத்திப் பிடித்து அதே இடத்தை மறுபடி ஓட்டவும். உச்சி மேலே நகர்ந்தால் அது காதுக்குழாய். நகராமல் அதே இடத்தில் நின்றால் அது டிரைவரோ நாசிலுக்குள் (டிப் மாட்டும் மூக்கு) இருக்கும் குழலோ. ஒரே மேடு இரண்டாகப் பிரிந்து, ஒன்று நின்று மற்றொன்று நகர்ந்தால், அதுதான் இங்கே நடந்தது. இடது காதில் சாதாரணமாக மாட்டினால் 7.2-இல் ஒற்றை உச்சி. அழுத்தினால் 7.2-இல் சின்ன மேடு நிற்க, இன்னொன்று 8-க்கு ஓடிவிட்டது. இலத்தாளமும் அந்தக் கணமே சரியானது. வெண்கலம் வெண்கலமாகக் கேட்டது.

இதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நம் செவியே எல்லா அலைவரிசையையும் சமமாகக் கேட்பதில்லை. காதுக்கு எது எவ்வளவு உரக்கக் கேட்கும் என்று காட்டும் ஐஎஸ்ஓ 226 வளைகோட்டைப் பார்த்தால் 3, 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கூர்மை, 8 பக்கம் மந்தம். ஆகவே ஸ்வீப் (மேலே சொன்ன ஏறும் டோன்) முழுக்க ஒரே அளவில் கேட்க வேண்டும் என்று எதிர்பார்த்து ஈக்யூ (அலைவரிசைவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர்) போட்டால் பாட்டு கெட்டுவிடும். அகலமான ஏற்ற இறக்கத்தை விட்டுவிடுங்கள். பக்கத்து 500 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் முளைத்து நிற்கும் குறுகிய மேட்டை மட்டும் கவனியுங்கள். பல வருடம் பழகிய இன்னொரு ஐஇஎம்மில் அதே ஸ்வீப்பை ஓட்டிப் பார்ப்பதும் நல்லது. எட்டிமோட்டிக் ஈஆர்4 வரிசைக் கருவி கையில் இருந்தால் அதற்கு இணையில்லை. மூன்றடுக்கு டிப் ஆழமாகப் போவதால் உச்சி வெகு மேலே தள்ளிப்போய்விடும். 1991-இல் வந்த வடிவமைப்பு இன்னும் அளவுகோலாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அழுத்திப் பிடித்துக்கொண்டே பாட்டுக் கேட்க முடியாதே. உச்சியை நிரந்தரமாக மேலே தள்ள என்னென்ன செய்யலாம் என்று பார்த்ததில்:

முதலில் டிப் அளவு. எல்லோரும் பெரிய அளவு வாங்கிக்கொள்கிறார்கள், அடைப்பு நன்றாக இருக்கிறதென்று. பெரிய டிப் காது வாயிலேயே நின்றுவிடும். ஓர் அளவு சின்னதாகப் போட்டால் உள்ளே இறங்கும். பேஸ் போகாமல் இருக்கிறதா என்று மட்டும் 30 ஹெர்ட்ஸ் டோனில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பின்ஃபிட் என்ற டிப்பின் தண்டு வளைந்து கொடுப்பதால் குழாயின் திருப்பத்தில் இறங்குவது எளிது. ஃபைனல் நிறுவனத்தின் இ வகை டிப்புக்குக் குறுகிய வாய், ட்ரெபிளைக் கொஞ்சம் அடக்கும், ஆனால் இந்தக் கருவியின் பருத்த நாசிலில் ஏற்றுவதற்குள் நகம் போய்விடும். ஃபோம் டிப் உச்சியின் கூர்மையை மழுங்கடிக்கும், கூடவே ஒலியின் விசாலத்தையும் தின்றுவிடும். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் பாலக்காட்டு ஈரத்தில் ஃபோம் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும், நாசில் வலையில் ஈரம் கட்டி ஒரு பக்கம் சத்தம் தணியும். சிலிக்கா ஜெல் டப்பாவில் ஓர் இரவு வைத்தால் பெரும்பாலும் திரும்பி வரும். வராவிட்டால் வலையில் அழுக்கு.

கடைசியில் வேலை செய்தது ஸ்பேசர். பழைய சிலிகான் டிப்பின் நடுத்தண்டை மட்டும் பிளேடால் 2 மி.மீ. வளையமாக நறுக்கி, நாசிலின் அடியில் மாட்டி, அதன்மேல் டிப் போட வேண்டும். டிப் அவ்வளவு முன்னே தள்ளி நிற்பதால் காதுக்குள்ளும் அவ்வளவு இறங்கும். நாசிலில் டிப் பிடிக்கும் விளிம்பை வளையம் மறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மறைத்தால் கழற்றும்போது டிப் காதிலேயே தங்கிவிடும், பிறகு ஈஎன்டி டாக்டர்தான். 2 மி.மீ.க்கு மேல் போனால் டிப்பின் முனை நாசிலைத் தாண்டித் தொங்கி, காதின் திருப்பத்தில் மடங்கி அடைத்துக்கொள்ளும். ட்ரெபிள் ஒரேயடியாகச் செத்தால் அதுதான் காரணம்.

மைக்ரோபோர் டேப்பை நாசிலில் ஒட்டும் பழைய வைத்தியத்தையும் பார்த்தாயிற்று. மருந்துக்கடை டேப்பால் பாதி வலையை மூடினாலே 7.2 அடங்குகிறது, ஆனால் 3 கிலோஹெர்ட்ஸும் சேர்ந்து தணிந்து நாதஸ்வரம் பின்வரிசைக்குப் போய்விடுகிறது. வேண்டாம்.

மிச்சமிருந்த டிரைவர் மேட்டுக்கு பாராமெட்ரிக் ஈக்யூ: 7200 ஹெர்ட்ஸ், மைனஸ் 3.5 டெசிபெல், க்யூ (வெட்டு எவ்வளவு குறுகல் என்ற எண்) 5. கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருள். போனில் உங்களுக்குப் பிடித்த ஆப், அலைவரிசையையும் க்யூவையும் எண்ணாகப் போட முடிந்தால் சரி. பட்டையைத் தள்ளும் பத்து பேண்ட் ஈக்யூ இதற்கு உதவாது, 8-ஐ இறக்கினால் பக்கத்து ஊரெல்லாம் இறங்கும்.

ஒப்பிட்டுக் கேட்கும்போது ஒலியளவைச் சமப்படுத்தாமல் வரும் எந்தத் தீர்ப்பையும் நான் மதிப்பதில்லை, அது எத்தனை லட்சம் பேர் பார்த்த வீடியோவாக இருந்தாலும். 1 டெசிபெல் கூடுதலாக இருந்தாலே அது "தெளிவு" என்றும் "விரிவு" என்றும் கேட்கும். 1 கிலோஹெர்ட்ஸ் டோனை வைத்துச் சமப்படுத்துவதும் போதாது, இரண்டு கருவிகளின் ட்யூனிங் வேறு வேறு. 300 ஹெர்ட்ஸிலிருந்து 3 கிலோஹெர்ட்ஸ் வரை வெட்டிய பிங்க் நாய்ஸை (எல்லா அலைவரிசையும் கலந்த சோதனை இரைச்சல்) கப்ளரில் ஓட்டி அரை டெசிபெலுக்குள் கொண்டுவாருங்கள்.

விமர்சனங்கள் முரண்படுவதற்கு இன்னொரு காரணம் அவுட்புட் இம்பிடன்ஸ் (ஆம்ப்பின் வெளியீட்டு மின்மறுப்பு). பல டிரைவர் கருவியின் இம்பிடன்ஸ் ஓரிடத்தில் 8 ஓம், இன்னோரிடத்தில் 40 ஓம் என்று ஆடும். அவுட்புட் 1 ஓம் உள்ள டாங்கிளில் (போனில் செருகும் சின்ன ஆம்ப்) அந்த இரண்டு இடத்துக்கும் வித்தியாசம் 0.8 டெசிபெல். 10 ஓம் ஆம்ப்பில் 5 டெசிபெல். ஒருவர் "பேஸ் இல்லை" என்கிறார், மற்றவர் "பேஸ் மிரட்டுகிறது" என்கிறார், இருவரும் தங்கள் டப்பாவைத்தான் விமர்சித்திருக்கிறார்கள். எந்த ஆம்ப்பில் கேட்டார் என்று எழுதாத விமர்சனத்தை அந்த இடத்திலேயே மூடிவிடலாம்.

கப்ளர் பற்றி ஒரு சின்னச் சேதி. சீனத்து 711 நகல்கள் ஒன்றுக்கொன்று மேல் அலைவரிசையில் ஒத்துப்போவதில்லை. உங்கள் கப்ளர் கிராஃபை ஸ்க்விக்லிங்க் என்ற கிராஃப் தளத்தில் வேறொருவர் ஏற்றிய கிராஃபின்மேல் போட்டு முடிவெடுக்க வேண்டாம், ஒரே கப்ளரில் எடுத்தவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். வாங்கும்முன் 48 வோல்ட் ஃபேன்டம் வேண்டுமா, 3.5 மி.மீ. மைக் உள்ளீட்டிலேயே ஓடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு விற்பனையாளர் படத்தில் ஒன்றைக் காட்டி இன்னொன்றை அனுப்பினார், திருப்பி அனுப்பக் கூரியர் செலவு நம் தலையில். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற அளவு மென்பொருளில் 256கே நீள ஸ்வீப், 48 கிலோஹெர்ட்ஸில் ஐந்தரை நொடிதான். அந்த ஐந்தரை நொடி ஃபேனை நிறுத்துங்கள். ஆடியில் கணவாய்க் காற்று அடிக்கும்போது ஜன்னலைச் சாத்தினாலும் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே கோடு நடுங்கும், அதை சீல் (கருவி கப்ளரோடு சேரும் இடத்தின் காற்றடைப்பு) விட்டுப்போனதென்று நினைத்து, அடைக்கும் புட்டிப் பசையை அப்பிக்கொண்டிருக்க வேண்டாம். சீல் போனால் கோடு நடுங்காது, 100-க்குக் கீழே வழுக்கிச் சரியும். ஐஇஎம்மின் வெளிப்பக்கக் காற்றுத் துளையைப் புட்டியால் மூடிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோதனைப் பாட்டு விஷயத்தில் விமர்சகர்களின் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் வைக்கும் ஹை-ஹாட் (டிரம் செட்டின் தாளத்தட்டு) தேய்ந்த ஒலி, இலத்தாளம் கனத்த வெண்கலம், அடித்தபின் நீளும் கார்வையில் பல சுரங்கள் சேர்ந்தே வரும். 6, 8 கிலோஹெர்ட்ஸ் நடுவே ஒரு மேடு இருந்தால் அந்தக் கூட்டத்தில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு வரும், உடனே பிடிபடும். தம்பூராவும் அப்படியே. மிருதங்கத்தில் வலந்தலைச் சொல்லும் தொப்பியும் ஒரே கருவியிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். டைனமிக் டிரைவர் தரும் பேஸும் ஆர்மேச்சர் என்ற வேறு வகை டிரைவர் தரும் நடு ஒலியும் ஒட்டாத ஹைப்ரிட்களில் இரண்டு பேர் வாசிப்பதுபோல் கேட்கும். திருவிழாவில் போனில் எடுத்த மேளப் பதிவு உதவாது. ஆட்டோ கெய்ன் எல்லாவற்றையும் நசுக்கியிருக்கும். ஆட்டோ கெய்னை அணைத்து ரெக்கார்டரில் 24 பிட்டில் எடுத்தது வேண்டும். வரும் கல்பாத்தித் தேருக்கு அப்படி ஒரு பதிவு எடுக்க நினைத்திருக்கிறேன், ரெக்கார்டருக்குக் காற்றுக் கவசம் தேட வேண்டும்.

வலது காதுக்கு வருவோம். அங்கே உச்சி 6.8. 2 மி.மீ. ஸ்பேசர் போட்டும் 7.2-ஐத்தான் தொடுகிறது, அதாவது சரியாக மேட்டின்மேல் போய் உட்காருகிறது, முன்பைவிட மோசம். இப்போதைக்கு வலது சேனலுக்கு மட்டும் ஸ்பேசரை எடுத்துவிட்டு 6800-இல் மைனஸ் 3, 7200-இல் மைனஸ் 2, இரண்டுக்கும் க்யூ 6 என்று ஓடுகிறது. இலத்தாளம் உடையவில்லை, ஆனால் நடுவிலிருந்து கொஞ்சம் இடதுபுறம் சாய்கிறது. கோயம்புத்தூரில் செவித்துணைக் கருவி மையம் ஒன்றில் அச்சு எடுத்து, கஸ்டம் டிப் வார்க்கலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அச்சு இரண்டாவது திருப்பத்தைத் தாண்ட வேண்டும், வாயில் கட்டை கடித்தபடி எடுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டும். வெறும் செவித்துணைக் கருவிக்கு எடுப்பதுபோல் மேலோட்டமாக எடுத்துவிட்டால் டிப் மறுபடி 6.8-இலேயே நிற்கும்.