முதிரை செதுக்கும் பொறிக்கு எந்த மோட்டர்?

பரந்தன் – முல்லைத்தீவு வீதியை அண்டிய தச்சுப் பட்டறைகளில், சாமியறைக் கதவுகளிலும் முன்வாசல் கதவுகளிலும் பூவேலை செதுக்குவதற்கான, கணினி கட்டுப்படுத்தும் சிறிய சி.என்.சி. பொறிகளைத் தாங்களே பொருத்திக்கொள்ளும் இளைஞர்களை இப்போது காண முடிகிறது. சட்டமும் தண்டவாளமும் தயாரானதும் அவர்களில் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணை, வெட்டுற மோட்டர் எத்தனை வாற்றில எடுக்கிறது?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "என்ன மரம் வெட்டப் போறீர், தம்பி?"

வாற்றுக் கணக்கை முன்வைத்து மோட்டர் வாங்குவது வன்னிக்குப் பொருந்தாது என்பதே என் உறுதியான கருத்து. இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை பைன், பிளைவுட், எம்.டி.எஃப். போன்றவற்றை வெட்டுகிறவர்களுக்காகச் சொல்லப்பட்டவை. எங்கள் மரக்காலைகளில் அனுமதிப்பத்திரத்தோடு வந்து இறங்கும் முதிரையும் பாலையும் வேறு இனம். பாலை நீரில் மூழ்கும் அளவுக்குக் கனமானது. முதிரையின் நார்கள் ஒரு படையில் ஒரு பக்கமாகவும் அடுத்த படையில் மறுபக்கமாகவும் சாய்ந்து பின்னியிருப்பதால், அதன் மினுமினுப்பான அலைக்கோலத்துக்குக் காரணமான அதே அமைப்புத்தான் பிற்றின் (மோட்டரில் பூட்டும் வெட்டு அலகின்) முனையை மாறி மாறி இழுத்துத் தள்ளுகிறது. தேக்கிலும் மகோகனியிலும் நன்றாக ஓடிய மோட்டர், முதிரைப் பலகை ஏறியதும் முனகத் தொடங்குவது இதனால்தான்.

இத்தகைய மரங்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது மோட்டரின் உச்ச வேகத்தை அன்று, அது வலுக் குறையாமல் ஓடக்கூடிய மிகக் குறைந்த வேகத்தையே. பிற்றின் ஒவ்வொரு வெட்டுவாயும் ஒவ்வொரு சுற்றிலும் எடுக்கும் சீவலின் தடிப்பு, பொறி நிமிடத்துக்கு நகரும் தூரத்தைச் சுற்றுகளின் எண்ணிக்கையாலும் வாய்களின் எண்ணிக்கையாலும் வகுத்தால் கிடைக்கும். நிமிடத்துக்கு 18,000 சுற்றில் ஓடும் இரண்டு வாய்ப் பிற்று 0.1 மில்லிமீற்றர் தடிப்பில் சீவ வேண்டுமானால், பொறி நிமிடத்துக்கு 3,600 மில்லிமீற்றர் நகர வேண்டும். பட்டறையில் பொருத்திய இலேசான சட்டம் முதிரையில் அந்த வேகத்தைத் தாங்காது, 1,500 மில்லிமீற்றருக்கு மேல் போனாலே அதிரும். அந்த 1,500-இல் 18,000 சுற்று ஓடினால் சீவல் 0.04 மில்லிமீற்றராக மெலிந்து, பிற்று வெட்டுவதை விட்டுவிட்டு உரசத் தொடங்கும். வெட்டிய குழியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தால் கண்ணாடிபோல வழுவழுப்பாகவும் கபில நிறமாகவும் இருக்கும். வெளியே விழும் தூளை விரல்களுக்கிடையில் தேய்த்தால் சீவலின் முரடு சிறிதும் இல்லாமல் மாவுபோல இருக்கும். கருகிய வாடையும் வரும். அதே நகர்வில் சுற்றை 10,000-க்கு இறக்கினால் சீவல் 0.075 மில்லிமீற்றர் ஆகிறது. தூள் மாறிச் சிறு சுருள்கள் விழத் தொடங்கும், பிற்றும் சூடேறாது. ஆகவே 16,000 சுற்றுக்குக் கீழே இறங்காத ரவுட்டரை (மரத்தில் பள்ளம் வெட்டும் மோட்டர்க் கருவியை), அதன் தகட்டில் எத்தனை குதிரைவலு எழுதியிருந்தாலும், முதிரை வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கையில் பிடித்து ஓட்டும் சிறிய ரவுட்டர்களில் இந்த நிபந்தனைக்குப் பொருந்துபவை உண்டு. மக்கிட்டா ஆர்.டி.0700சி. 710 வாற்று, வேகம் 10,000 முதல் 30,000 வரை, உடலின் விட்டம் 65 மில்லிமீற்றர் என்பதால் பொருத்துவதற்கான பிடி எளிதில் கிடைக்கிறது. எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. இலேசான சட்டத்துக்கு அதுவே பெரிய உதவி. தேக்கிலும் வேம்பிலும் ஆழம் குறைந்த பூவேலை செய்பவருக்கு இது போதும். ஆனால் இது காபன் பிரஷ் தேய்ந்து ஓடும் மோட்டர். ஒரு கதவின் செதுக்கு வேலை காலையில் தொடங்கி மாலைவரை ஓடுகிறது. கைக்கருவியோ சில நிமிடம் ஓடி, ஓய்ந்து, மறுபடி ஓடுவதற்காக உருவானது. நாள்தோறும் மணிக்கணக்காக ஓட்டினால் காபனும் பேரிங்கும் விரைவில் தேயும், காதும் களைத்துப்போகும். இதை வாங்குகிறவர் அதே மாதிரிக்குரிய காபன் சோடிகளையும் சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வேலை நடுவில் நின்றபின் கடை கடையாகத் தேடி, கிடைத்த காபனை அரத்தால் தேய்த்துத் திணிப்பது கொமியூட்டேற்றரை (காபன் உரசி ஓடும் செப்பு உருளையை) கெடுத்துவிடும்.

சி.என்.சி. பொறிகளுக்கென்றே செய்யப்படும் ஸ்பின்டில் மோட்டருக்குக் காபன் கிடையாது. அது மும்முனை மோட்டர்; வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. பெட்டி வீட்டின் ஒருமுனை மின்சாரத்தை வாங்கி மும்முனையாக மாற்றிக் கொடுக்கும். பெட்டி 400 ஹேட்ஸில் (நொடிக்கு 400 அலைவில்) மின்சாரம் கொடுத்தால் அது நிமிடத்துக்கு 24,000 சுற்று ஓடும். விற்பவர்கள் சொல்லாத ஒன்றை இங்கே வலியுறுத்த விரும்புகிறேன்: ஹேட்ஸைக் குறைக்கும்போது முறுக்குவிசை ஏறக்குறைய மாறாமல் இருக்க, வலு மட்டும் அதே விகிதத்தில் குறைகிறது. 2.2 கிலோவாற்று என்று வாங்கிய ஸ்பின்டில் 12,000 சுற்றில் 1.1 கிலோவாற்றே தரும். 800 வாற்று ஸ்பின்டில் அதே வேகத்தில் 400 வாற்றுக்கு இறங்கிவிடும். முதிரையைக் குறைந்த சுற்றில் வெட்ட வேண்டியவர், இந்தப் பாதிக் கணக்கை வைத்தே அளவைத் தீர்மானிக்க வேண்டும். அதனால்தான் நாள் முழுதும் முதிரை வெட்டும் பட்டறைக்கு 1.5 கிலோவாற்று ஸ்பின்டிலை நான் சொல்கிறேன். 2.2 கிலோவாற்று ஸ்பின்டில் ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ளது. அதைத் தாங்க மேலும் கீழும் ஓடும் அச்சு தடித்த தகட்டில் செய்யப்பட்டிருக்க வேண்டும். சட்டம் வளைந்து கொடுத்தால் மோட்டரின் வலு முழுவதும் அதிர்வாகவே வீணாகும்.

அடுத்தது மின்சாரம். எங்கள் பக்கத்துப் பட்டறைகள் பல, வளவின் பின்புறத்துக் கொட்டில்களில் இயங்குகின்றன. மீற்றர் வீட்டின் முன்சுவரில் இருக்க, அங்கிருந்து 50 மீற்றர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் வயரை இழுத்து, 9 அம்பியர் எடுக்கும் மோட்டரை ஓட்டினால், அந்த வயரிலேயே 11 வோல்ற்று போய்விடும். மாலையில் ஊர் முழுவதும் விளக்கும் விசிறியும் ஓடும்போது ஏற்கெனவே 230-க்குக் கீழே வந்திருக்கும் அழுத்தம் இதனால் இன்னும் தாழும். காபன் மோட்டர் அப்போது சோர்ந்து ஓடும், வி.எஃப்.டி. பெட்டியோ குறைந்த அழுத்தத்தைக் கண்டதும் வேலையின் நடுவே நின்றுவிடும், ஸ்பின்டில் நிற்பதை அறியாத பொறி பிற்றை மரத்துக்குள் இழுத்து முறித்துவிடும். 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் இந்த இழப்பு 7 வோல்ற்றளவுக்குக் குறையும். 2.2 கிலோவாற்றுப் பெட்டி முழுச் சுமையில் 20 அம்பியருக்கு மேல் இழுக்கக்கூடியது என்பதால், 30 அம்பியர் இணைப்பில் தூசி உறிஞ்சியையும் அதோடு ஓட்ட நினைப்பவர், 4 சதுர மில்லிமீற்றர் வயரும் தனி பிறேக்கரும் போடாமல் அதை வாங்கக் கூடாது.

வி.எஃப்.டி. பெட்டி தன் வடிகட்டியின் வழியாகச் சிறிதளவு மின்னை நிலத்துக்கு அனுப்பும் இயல்புடையது. அதனால் வீட்டின் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுவதைப் பார்த்துச் சிலர் அதைக் கழற்றிவிட்டு நேரே இணைக்கிறார்கள். இதைக் கேள்விப்படும் ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு பதைக்கிறது. ஆடி, ஆவணி வெயிலில் எங்கள் நிலம் காய்ந்து கிடக்கும்போது எர்த் கம்பியின் பிடிப்பும் பலவீனமாகிறது. அந்த நேரத்தில் ட்ரிப் சுவிட்சும் இல்லாத பொறியின் இரும்புச் சட்டத்தில் கை வைப்பது உயிரோடு விளையாடுவதாகும். தகுதியுள்ள மின்தொழிலாளியை அழைத்து, பெட்டிக்கு ஏற்ற வகையான ட்ரிப் சுவிட்சைத் தனியாகப் போடச் சொல்லுங்கள்.

நீரால் குளிரும் ஸ்பின்டிலுக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்ற வேண்டாம். அதிலுள்ள உப்பும் சுண்ணாம்பும் படிந்து குழாயை அடைக்கும். பற்றறிக்கு ஊற்றும் தண்ணீர் போதும். காற்றால் குளிர்பவை தூளையும் உள்ளே இழுப்பதால் அவற்றின் காற்றுவழியை நாளாந்தம் துடைக்க வேண்டும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியையும் கொப்புளத்தையும் உண்டாக்குவதால், தூசி உறிஞ்சி பொறிக்கு மட்டுமன்றி வேலை செய்பவருக்கும் தேவைப்படுகிறது.

பாவித்த மோட்டர் வாங்குபவர் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தண்டை விரலால் மெதுவாகச் சுழற்றிப் பார்க்கட்டும். நல்ல பேரிங் சத்தமின்றி ஒரே சீராகச் சுழலும்; மணல் அரைபடுவது போன்ற உணர்வு வந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். தண்டைப் பக்கவாட்டில் அசைத்தும் பார்க்க வேண்டும், அங்கே ஆட்டம் கொஞ்சமும் இருக்கக் கூடாது. கொலற்றின் (பிற்றின் தண்டை இறுக்கிப் பிடிக்கும் பிடியின்) அளவு பிற்றின் அளவோடு சரியாகப் பொருந்த வேண்டும். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீற்றர், அதை 6 மில்லிமீற்றர் கொலற்றுக்குள் திணிப்பதும், 6 மில்லிமீற்றர்ப் பிற்றைக் கால் அங்குலக் கொலற்றில் இறுக்குவதும் ஒன்றுபோலவே ஆபத்தானவை. கொலற்று வகைகளில் சிறியதான இ.ஆர்.11 கொலற்று 7 மில்லிமீற்றர் தண்டு வரைதான் பிடிக்கும், இ.ஆர்.20 கொலற்று 12.7 மில்லிமீற்றரையும் பிடிக்கும். அரை அங்குலத் தண்டு கால் அங்குலத் தண்டைவிட வளைவுக்கு 16 மடங்கு எதிர்ப்புக் காட்டும் என்பதால், கதவுப் பலகையின் ஓரத்தைச் சரிவாகச் சீவும் பெரிய பிற்றுகளைப் பயன்படுத்த நினைப்பவர் இ.ஆர்.20 உள்ள ஸ்பின்டிலையே கேட்டு வாங்க வேண்டும். 75 மில்லிமீற்றர் விட்டமுள்ள அத்தகைய பிற்றை 12,000 சுற்றுக்கு மேல் ஒருபோதும் ஓட்டக் கூடாது.