வலிக்காமல் போன பார்வை

பல் துலக்கிக்கொண்டிருந்தபோது இடது கண் அணைந்துவிட்டது. வலி இல்லை, உறுத்தல் இல்லை, சிவக்கவும் இல்லை. தூசியாக இருக்கும் என்று தண்ணீர் அடித்துக் கழுவினேன். அப்புறம், கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று படுத்தும்விட்டேன். அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் இன்றும் என்மேலேயே கோபம் வருகிறது.

கண் பாப்பா விரிய மருந்து விட்டுப் பார்த்த மருத்துவர், "விழித்திரையின் மையத் தமனி அடைத்திருக்கிறது. மூளைக்குப் பக்கவாதம் வருகிற மாதிரி இது கண்ணுக்கு வந்திருக்கிறது" என்றார். முதல் கேள்வியே, பார்வை எத்தனை மணிக்குப் போனது என்பதுதான். ஆக்சிஜனுக்கு விழித்திரை பெரும்பசிக்காரன். ரத்தம் நின்றால் சில மணி நேரத்தில் செல்கள் சாகத் தொடங்கிவிடும். 24 மணி நேரத்துக்குள் வருபவர்களுக்குத்தான் ஹைபர்பேரிக் ஆக்சிஜனை, அதாவது அழுத்தம் கூட்டிய அறைக்குள் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கும் சிகிச்சையை, பரிசீலிப்பார்களாம். இதற்குப் பெரிய அளவிலான உறுதியான சோதனைச் சான்று குறைவு என்பதையும் அவர் மறைக்கவில்லை. பார்வை போன கண்ணுக்கு வேறு நல்ல வழியும் தென்படவில்லை.

அது வேலை செய்யும் விதம் எனக்குப் பிடித்துப்போனது. விழித்திரையின் உள்ளடுக்குகளுக்கு மையத் தமனியும், வெளியடுக்குகளுக்குப் பின்னாலிருக்கும் கோராய்டு என்ற படலமும் ரத்தம் தருகின்றன. அழுத்தத்தைக் கூட்டித் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால், அது ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலேயே நிறையக் கரைந்து, கோராய்டிலிருந்து உள்ளடுக்குகள் வரை ஊடுருவும். முன்வாசல் பூட்டியிருக்கும்போது கொல்லைப்புறமாகச் சாப்பாடு கொடுப்பது மாதிரி. அடைப்பை இது நீக்காது. ரத்த ஓட்டம் திரும்பும் வரை செல்களைத் தாக்குப்பிடிக்க வைக்கும், அவ்வளவுதான்.

மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள், காதைப் பார்த்தார்கள். எண்ணெய், கிரீம், கைபேசி, கடிகாரம் எதுவும் கூடாது. பருத்தி உடை மட்டும். தீப்பொறி பயம். அழுத்தம் ஏற ஏற விமானம் இறங்கும்போது போலக் காது அடைத்தது. மூக்கைப் பிடித்து ஊதினேன், எச்சில் விழுங்கினேன். வளிமண்டலத்தைப் போல 2.4 மடங்கு அழுத்தத்தில் ஏறக்குறைய 90 நிமிடம். இடையிடையே சாதாரணக் காற்று கொடுத்தார்கள். ஆக்சிஜன் மிகுந்தால் வலிப்பு வரலாம் என்பதற்காக.

இரண்டாவது முறை உள்ளே இருந்தபோது கண்ணின் ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தது. ஆசையாக வெளியே வந்தேன், மெல்ல மங்கிப் போனது. அழுகை வந்துவிட்டது. மருத்துவரோ சந்தோஷப்பட்டார்: "செல்கள் சாகவில்லை, பசியில் கிடக்கின்றன."

நான்கு நாட்களில் மொத்தம் எட்டு முறை. கூடவே கழுத்துத் தமனி, இதயம், ரத்தக் கொழுப்பு என்று அடைப்பு எங்கிருந்து வந்தது என்ற தேடல் தனியாக நடந்தது. அலுப்பான பகுதி, ஆனால் அடுத்தது மூளைக்கு வராமலிருக்க வேண்டுமே.

இப்போது வலது கண்ணை மூடிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் சுற்றியுள்ள எண்கள் தெரிகின்றன. நடுவில் முட்கள் இருக்க வேண்டிய இடம் சாம்பல் நிறமாக இருக்கிறது. மணி பார்க்க வலது கண்ணைத் திறக்க வேண்டும்.