தாம்பரத்துக்கு அப்பாலும் கூட்டம்தான்

காலை எட்டரை மணிக்கு பீச் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டி ஏறினால் ஜன்னல் சீட் தாராளமாகக் கிடைக்கும். புறநகரெல்லாம் சென்னைக்குள் வந்து இறங்கும் நேரத்தில் நாம் வெளியே போகிறோம். கோட்டை, பூங்கா, எழும்பூர் வரை பெட்டி காலியாகவே இருந்தது. எதிர்த் தடத்தில் வந்த வண்டிகளில் படிக்கட்டு வரை ஆட்கள்.

இந்தத் தடத்தில் தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். அப்போது மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் அகலம் உள்ள பாதை. அந்த மீட்டர் கேஜ் வண்டிகள் 2004-இல் விடைபெற்றன. ஆனாலும் பழைய ஆட்களுக்கு இது இன்னும் ‘எலக்ட்ரிக் ட்ரெயின்’தான்.

மாம்பலத்தில் ரங்கநாதன் தெருவுக்குப் போகும் கூட்டம் அவ்வளவு காலையில் கிடையாது. கிண்டியில்தான் வண்டி சட்டென்று நிறைந்தது. திரிசூலத்தில் எதிரே விமான நிலையம் இருந்தும் பெட்டியோடு இறங்கியவர்கள் ஓரிருவர்தான். எனக்கு இது எப்போதும் புரியாத விஷயம்: ரோட்டைக் கடந்தால் விமான நிலையம், டாக்ஸி செலவும் மிச்சம்.

பல்லாவரம் தாண்டியதும் ஸ்டேஷன்களின் கதை மாறுகிறது. குரோம்பேட்டைக்குப் பேர் கொடுத்தது குரோம் தோல் தொழிற்சாலை. அடுத்து வரும் தாம்பரம் சானடோரியம், 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையின் பேரில் நிற்கிறது. நல்ல காற்றுக்காக நோயாளிகளை ஊருக்கு வெளியே வைத்த இடம். இன்று அந்தப் பக்கம் நல்ல காற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

தாம்பரத்தில் வண்டி பாதி காலியாகும் என்று நினைத்திருந்தேன். இறங்கியவர்களைவிட ஏறியவர்கள் அதிகம். எல்லாம் காலேஜ் பிள்ளைகள், தோளில் பை, காதில் இயர்போன். பொத்தேரி வந்ததும் அவர்கள் மொத்தமாக இறங்க, பிளாட்பாரமே தெரியவில்லை. பரனூரில் இன்னொரு தொகுதி, கழுத்தில் அடையாள அட்டையோடு மகேந்திரா வேர்ல்டு சிட்டி பக்கம் நடந்தது. வேலைக்குப் போகிறவர் என்றால் நகரத்துக்குள் போகிறவர்தான் என்ற கணக்கு இந்தத் தடத்தில் எடுபடாது. நெரிசல் இரண்டு பக்கமும் இருக்கிறது. அப்படியிருக்க, தாம்பரத்தோடு திரும்பிவிடும் வண்டிகள் இத்தனை எதற்கு? தெற்கே இருப்பவர்கள் அடுத்த செங்கல்பட்டு வண்டிக்காகப் பிளாட்பாரத்தில் காத்துக் கிடக்கிறார்கள்.

வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் கடைசியில் அங்கே பெரிய பஸ் நிலையம் திறந்தார்கள். ரயில் நிலையம் அப்போது இல்லை. மூட்டை முடிச்சோடு வெளியூர் போகிறவர்கள் முன்னதாகவோ பின்னதாகவோ இறங்கி ஆட்டோ தேட வேண்டியிருந்தது. ரயிலை முதலில் யோசித்திருக்கலாம். பக்கத்திலேயே தண்டவாளம் ஓடுகிறதே!

சிங்கப்பெருமாள் கோவில் தாண்டியபின் வண்டி காற்றாடியது. செங்கல்பட்டு நெருங்கும்போது கொளவாய் ஏரியை ஒட்டியே தடம் போகிறது. பாதிப் பேர் போனிலிருந்து தலையைத் தூக்கியது அங்கேதான். பீச்சிலிருந்து அறுபது கிலோமீட்டர் சுமார்.

செங்கல்பட்டோடு முடித்துக்கொள்ள மனமில்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. இங்கிருந்து காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் போகும் பாதை இருக்கிறது; அரக்கோணத்தில் திருவள்ளூர், ஆவடி வழியாக சென்ட்ரல் போகும் லோக்கல் பிடித்தால் ஒரு முழு வட்டம் அடித்துவிடலாம். செங்கல்பட்டு–அரக்கோணம் நடுவே வண்டிகள் குறைவு; நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.