மறுபடியும் உப்புத் தொட்டி

இலங்கையில் 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. மின்சாரம் இல்லாமல் ஐஸ் தட்டுப்பாடானால் மீனுக்கு வேறு வழி உப்புத்தான். திருகோணமலைக் கரையில் கருவாடு போடும் பழைய தொழிலுக்குத் திரும்பும்போது, அதோடு சேர்ந்து பழைய பிழைகளும் திரும்பி வருகின்றன.

பெரிய பிழை, 'மிஞ்சின மீன்தானே, கருவாட்டுக்குக் காணும்' என்பது. சூரை மீன் சூட்டில் சில மணித்தியாலம் கிடந்தாலே சதையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் ஊறும். உப்பும் வெயிலும் அடுப்பும் அதை அழிக்காது. சாப்பிட்டு முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு தடித்த பிறகுதான் தெரியவரும். விற்கத் தகுந்த மீனே கருவாட்டுக்கும் தகுந்த மீன்.

பெரிய மீனை முதுகால் பிளந்து, செவுள், குடல், நடுமுள்ளோரத்து இரத்தம் எல்லாம் போகக் கழுவ வேண்டும். 3 கிலோ மீனுக்கு 1 கிலோ கல்லுப்பு. தூளுப்பு மட்டும் போட்டால் மேற்சதை சட்டென இறுகி, உள்ளே உப்பு இறங்காது. அப்போதுதான் அள்ளின புது உப்பும் கூடாது. மக்னீசியம் வடியாததால் கருவாடு கசக்கும், எந்நேரமும் நசநசக்கும். கும்பியாகக் குவித்து, பின்னிய தென்னோலைக் கிடுகால் மூடி, ஒரு பருவம் வடிய விட்ட உப்பு நல்லது.

தொட்டியில் சதை மேலே பார்க்க அடுக்கி, கடைசி வரிசையை மட்டும் தோல் மேலாக வைத்துப் பாரம் ஏற்றுவார்கள். ஊறும் தண்ணிக்கு மேலே மிதக்கிற துண்டுதான் முதலில் நாறும். பருமனைப் பார்த்து ஒன்றிரண்டு நாள் போதும். நெத்தலிக்கு இத்தனை பாடில்லை.

எடுத்ததும் ஒரு முழுக்கு அலசி, மேலுப்பை நீக்கிவிட்டே காய வைக்க வேண்டும். மணலில் பரப்பினால் பல்லில் மணல் கடிபடும், ஈயும் மொய்க்கும். இடுப்பளவு பரண் கட்டி வலை விரித்தால் அடியிலும் காற்று ஓடும். முதல் நாள் உச்சி வெயில் ஆகாது. மேல் காய்ந்து பொருக்காகி, உள்ளே ஈரம் அடைபட்டுவிடும். தடித்த இடத்தைப் பெருவிரலால் அமுக்கிப் பாருங்கள். குழி விழுந்தால் காயவில்லை. கட்டின மூட்டையில் பிறகு சிவப்புப் படர்ந்தால், உப்போடு வந்த கிருமி ஈரத்தில் வளர்ந்திருக்கிறது.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் இதெல்லாம் சுலபம். வாடை மழை இருட்டிக்கொண்டு வந்தால் மீனை வெளியே எடுக்கவே வேண்டாம். இன்னொரு நாள் உப்புத் தண்ணியிலேயே கிடக்கட்டும்.