பதினாறு மில்லிமீட்டரில் சுருங்கும் மலை

மலையோட்டப் பந்தயங்களைப் படமெடுக்கப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் பையிலிருந்து முதலில் எடுப்பது 16 மி.மீ. லென்ஸைத்தான். மலை பெரியது, அதனால் அகலமான லென்ஸ் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நடப்பது நேர்மாறு. பத்துக் கிலோமீட்டர் தள்ளி, நாம் நிற்கும் இடத்தைவிட 2000 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஒரு சிகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்குள் படம் பதியும் 24 மி.மீ. உயரமுள்ள சென்சாரில் அது 16 மி.மீ. லென்ஸ் வழியே விழும்போது 3 மி.மீ. சொச்சம்தான் வரும். படத்தின் உயரத்தில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் வானமும் புல்லும். 35 மி.மீ. லென்ஸில் அதே சிகரம் இரண்டு மடங்குக்கு மேல் நிமிர்ந்து நிற்கும்.

அப்படியிருந்தும் அகலக்கோண லென்ஸ் இல்லாமல் நான் எந்தப் பந்தயத்துக்கும் போவதில்லை. கிட்டத்தில் இருப்பதை அது பெரிதாக்கும். காலடிக் கல், பாதையில் புடைத்த வேர், கிளம்பும் புழுதி, ஓடி வருகிறவரின் முழங்கால், கழுத்தில் காய்ந்த உப்பு. தூரத்து மலை அதில் சுருங்கிப் போகட்டும்; ஒரு மனிதர் அந்த மலையின் எந்தத் துண்டின்மேல் கால் வைக்கிறார் என்பதை இந்த லென்ஸ்போல வேறெதுவும் காட்டுவதில்லை.

நான் இருப்பது சுவிட்சர்லாந்தில். கோடைக்கால வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது வலே மாநிலத்தில் ஆகஸ்டில் நடக்கும் சியேர்–சினால் பந்தயம். 1974-இல் தொடங்கியது. 31 கி.மீ. தூரம், 2200 மீட்டர் ஏற்றம், 1100 மீட்டர் இறக்கம். ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சியேர் ஊரில் கிளம்பி, அனிவியே பள்ளத்தாக்கின் சரிவோடு போய் சினால் கிராமத்தில் முடிகிறது. வானம் தெளிந்திருந்தால் வைஸ்ஹார்ன், சினால்ரோட்ஹார்ன், ஓபர்காபல்ஹார்ன், மேட்டர்ஹார்ன், டான் பிளாஞ்ச் என்று 4000 மீட்டரைத் தாண்டிய ஐந்து சிகரங்கள் தெரியும். ‘ஐந்து நாலாயிரங்களின் ஓட்டம்’ என்று பந்தயத்துக்கு இன்னொரு பெயரே உண்டு. 2019-இல் மலையோட்ட வீரர் கிலியன் ஜோர்னெட் இந்தப் பாதையை 2 மணி 25 நிமிடம் 35 விநாடியில் ஓடினார். 2024-இல் அவரே ஒரு விநாடி குறைத்து 2:25:34 ஆக்கினார். இவ்வளவு ஏற்றத்தையும் சேர்த்து மணிக்கு ஏறக்குறைய 12.8 கி.மீ. வேகம். சமதரையில் அந்த வேகத்தில் இரண்டரை மணி நேரம் ஓடுவதே பலருக்கு முடியாத காரியம்.

முதல் ஏற்றம் காட்டுக்குள். சுமார் 570 மீட்டரில் தொடங்கும் பாதை மூச்சுவிடாமல் ஏறி ஏறக்குறைய 1300 மீட்டர் உயரம் கூடிய பிறகுதான் கொஞ்சம் தணிகிறது. படமெடுக்கிறவருக்கு இந்தப் பந்தயத்திலேயே கஷ்டமான பகுதி இதுதான் என்பேன். காட்சி எதுவும் கிடையாது, வெளிச்சம் குறைவு. அதைவிடப் பெரிய தொல்லை, படத்தில் சரிவு சரிவாகத் தெரியாது.

ஒருமுறை சினாலில், பந்தயத்தை முடித்து உட்கார்ந்திருந்த ஒரு யாழ்ப்பாணத்து அண்ணர் என் கையில் கேமராவைப் பார்த்துக் கூப்பிட்டார். போன வருடம் அதே காட்டில் அவருடைய நண்பர் எடுத்த படத்தைப் போனில் காட்டினார்.

“தம்பி, இதைப் பாருங்கோ. நான் ஏதோ பார்க்கில உலாத்துற மாதிரி இருக்கு. அந்த ஏத்தம் எங்க போச்சு?”

“அண்ணை, மேலே நின்று கீழே பார்த்து எடுத்திருக்கிறார். அதுதான் தட்டையாகிவிட்டது.”

“அப்ப கீழ நிண்டு எடுத்தா?”

கீழே நின்று மேலே பார்த்து எடுத்தாலும் அதே கதைதான் என்று சொன்னதும் அவருக்கு வியப்பு. கேமராவைச் சரிவோடு சேர்த்துச் சாய்த்தால் சரிவே தரையாகிவிடும். எது நேர், எது சாய்வு என்று கண்ணுக்குச் சொல்ல படத்தில் ஒன்றும் மிஞ்சாது. அகலக்கோண லென்ஸில் இது இன்னும் மோசம், ஏனென்றால் மரங்களும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து குழப்பும். நான் செய்வது இது: பாதையிலிருந்து பக்கவாட்டில் இறங்கி, சரிவைக் குறுக்காகப் பார்த்து, கேமராவை மட்டமாக வைத்துக்கொள்வேன். அப்போது பைன் மரங்கள் நெட்டுக்குத்தாக நிற்கும். கொத்தனாரின் தூக்குநூல் மாதிரி அவை பக்கத்திலேயே நின்று சரிவை அளந்து காட்டும். ஓடுகிறவர் முழங்காலில் கையை ஊன்றி ஏறும்போது, அவர் உடம்புக்கும் மரத்துக்கும் இடையில் உள்ள கோணத்திலேயே அந்த ஏற்றம் முழுக்க இருக்கும். மலை என்று எதையும் காட்டத் தேவையில்லை. இரண்டு மரமும் ஒரு மனிதரும் போதும்.

அப்புறம் தூரம். 20 மி.மீ. லென்ஸில் 5 மீட்டர் தள்ளி ஓடுகிறவர் படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்க மாட்டார். 2 மீட்டரில் முக்கால் பங்கு நிறைப்பார். அந்த 3 மீட்டரில்தான் வேலை முழுவதும் நடக்கிறது. இறக்கத்தில் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வருகிறவர் அதை அரை விநாடிக்குச் சற்று அதிகமான நேரத்தில் கடந்துவிடுவார். கேமரா விநாடிக்குப் பத்துப் படம் எடுத்தாலும் கிடைப்பது ஆறு. அந்த ஆறில் இரண்டு காலும் தரையை விட்டு எழுந்த படம் ஒன்று இருந்தால் நல்லது.

ஃபோகஸை நம்பி நான் இங்கே நிற்பதில்லை. 20 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கி வைத்து 1.7 மீட்டரில் ஃபோகஸைப் பூட்டினால், சுமார் 85 செ.மீ. முதல் தூரத்துச் சிகரம் வரை எல்லாம் தெளிவாக விழும். பாதையில் ஒரு கல்லைக் குறித்துக்கொள்வேன். ஆள் அந்தக் கல்லுக்கு வரும்போது விரல் அழுத்தினால் போதும். இந்த லென்ஸ் தரும் பெரிய சுதந்திரம் இது: கண் ஃபோகஸ் புள்ளியை விட்டுவிட்டு ஆளின் முகத்தைப் பார்க்கலாம். ஷட்டர் வேகம் இறக்கத்தில் 1/1250 விநாடிக்குக் குறையாமல் வைப்பேன். ஆள் கிட்டத்தில் இருப்பதால் கையும் காலும் சென்சாரில் வேகமாக நகரும். தூரத்திலிருந்து, தொலைவில் உள்ளதைக் கிட்டே இழுத்துக் காட்டும் டெலி லென்ஸில், நேரே வருகிறவரை எடுக்கும்போது சரியாக இருக்கும் 1/640 இங்கே பாதத்தைக் கலைத்துவிடும்.

இவ்வளவு கிட்டே போவதில் உபத்திரவமும் உண்டு. முதலாவது, மற்ற புகைப்படக்காரர்கள். வைஸ்ஹார்ன் ஓட்டல் பக்கம், 2337 மீட்டர் உயரத்தில், முன்னணி வீரர்களுக்காக நாங்கள் பலர் காத்திருப்போம். பெரும்பாலானோர் கையில் 70–200 மி.மீ. டெலி லென்ஸ். நான் பாதை ஓரத்தில் குந்தினால் அவர்கள் அத்தனை பேர் படத்திலும் என் முதுகு இருக்கும். முன்கூட்டியே பேசிக்கொள்வதுதான் முறை. முதலில் வரும் சிலரை அவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, நானும் டெலி லென்ஸோடு அதே வரிசையில் நிற்பேன். பத்திரிகைகளுக்கு வேண்டியது அந்தப் படங்கள்தான். அவர்கள் பையைக் கட்டிக்கொண்டு சினாலுக்கு இறங்கத் தொடங்கும்போது நான் பாதைக்கு அருகே போவேன். என்னுடைய வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

இரண்டாவது உபத்திரவம் ஓடுகிறவருக்கு. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. பாதையில் அவர் எந்த வளைவை உள்வெட்டுவார், எந்தக் கல்லில் கால் வைப்பார் என்று ஐம்பது பேரையாவது பார்த்த பிறகே என் இடத்தைத் தீர்மானிக்கிறேன். சறுக்கினால் எந்தப் பக்கம் விழுவாரோ அந்தப் பக்கம் நிற்கக்கூடாது. கேமராப் பையைப் பாதையிலிருந்து ஒரு கை தூரம் தள்ளித்தான் வைக்க வேண்டும். ஒரு படத்துக்காக ஒருவர் தன் காலடியை மாற்றிக்கொள்ள நேர்ந்தால், அந்தப் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எடுத்திருக்கக்கூடாத படம் அது. இதை இளையவர்களிடம் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

ஓரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அகலக்கோண லென்ஸ் படத்தின் மூலைகளில் இருப்பதை இழுத்து நீட்டிவிடும். முகம் மூலைக்குப் போனால் அவர் வீட்டில்கூட அடையாளம் தெரியாது. ஆகவே முகத்தை நடுப்பகுதிக்கு அருகில் வைத்துக்கொண்டு, நீள்கிற வேலையை முன்னங்காலுக்கும் பாதைக் கற்களுக்கும் விடுவேன். கேமராவை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தினால் தலை அடிவானத்துக்கு மேலே போய் வானத்தில் துல்லியமாக நிற்கும். பின்னால் உள்ள சிகரத்தோடு முட்டிக்கொள்ளாது. திரையைத் திருப்பிப் பார்க்க முடிகிற கேமராக்கள் வந்த பிறகு மண்ணில் படுக்க வேண்டிய அவசியமும் குறைந்துவிட்டது. காலை வெயில் முதுகுப் பக்கம் இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 16 மி.மீ.இல் நம் நிழலே படத்துக்குள் நீண்டு கிடக்கும். நான் கூடுமானவரை வெயிலைப் பார்த்தே நிற்கிறேன். புழுதியும் வியர்வையும் அப்போதுதான் ஒளிரும். லென்ஸ் கண்ணாடியில் ஒரு விரல்ரேகை இருந்தாலும் வெயில் அதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் துடைக்கும் துணி எப்போதும் சட்டைப்பையில் இருக்கும்.

சிகரம் படத்துக்கு வேண்டும் என்று தோன்றும் இடங்களில் 16-ஐ விட்டுவிட்டு 28-க்கோ 35-க்கோ போகிறேன். நாவா பக்கம் பாதை ஏறக்குறைய மட்டமாகி, பள்ளத்தாக்கின் தலைமாட்டில் பனிமலைகள் வரிசையாகத் தெரியும் இடம் அப்படிப்பட்டது. அங்கே ஆளைச் சற்றுத் தள்ளியே விட்டு, மலைக்கு அதற்குரிய உயரத்தைக் கொடுப்பதுதான் நியாயம்.

மற்ற பந்தயங்களில் இதே லென்ஸ் வேறு வேலை செய்யும். ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் நடக்கும் செகாமா மலை மாரத்தானில் சாங்தி ஸ்பிரிது ஏற்றத்தில் ஜனம் பாதையின் இரண்டு பக்கமும் நெருங்கி, ஓடுகிறவருக்கு ஓர் ஆள் அகலம் மட்டும் விட்டுக் கத்திக்கொண்டிருக்கும். அங்கே டெலி லென்ஸுக்கு வழியே இல்லை. கூட்டத்துக்குள் நசுங்கி நின்று 16 மி.மீ.இல் எடுத்தால் கத்துகிற வாய்களும் கைகளும் படத்தை நிறைக்கும், நடுவில் ஒற்றை மனிதர். மோன் பிளாங்கைச் சுற்றி மூன்று நாடுகள் வழியாகப் போகும் யூ.டி.எம்.பி.யில் சவாலே இரவு. 170 கி.மீ.க்கு மேல் தூரம், பெரும்பாலானோர் இரண்டு இரவுகள் விழித்து ஓட வேண்டும். அங்கே முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிப்பதை நான் அறவே தவிர்க்கிறேன். இருட்டுக்குப் பழகிய கண் அடுத்த சில எட்டுகளுக்குக் குருடாகிவிடும், கீழே கல்லும் சரிவும். தலைவிளக்குகள் மலையில் வளைந்து வளைந்து ஏறுவதை ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்கும் நீண்ட எக்ஸ்போஷரில் எடுப்பதோடு அந்த நேரத்துக்குத் திருப்தியடைகிறேன்.

முகங்களைப் பற்றி என் மனதில் தீராத ஒரு கேள்வி உண்டு. இரண்டு மீட்டர் தூரத்தில் நிற்பவன் ஒளிந்துகொள்ள முடியாது. ஓடுகிறவர் என்னைப் பார்த்துவிடுவார். சிலர் சிரிப்பார்கள், சிலர் கட்டைவிரலை உயர்த்துவார்கள், சிலர் அழுதுகொண்டே வருவார்கள். பாதையோரம் குனிந்து வாந்தி எடுப்பவரை டெலி லென்ஸ் வைத்திருப்பவர் நூறு மீட்டரிலிருந்து அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொள்ளலாம். என்னால் முடியாது, அது நல்லதென்றே நினைக்கிறேன். அந்தத் தருணங்களில் கேமராவை இறக்கிவிட்டுத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பேன். அழுதுகொண்டே வருகிறவர் என் கண்ணைப் பார்த்துத் தலையசைத்தால் எடுப்பேன். முகத்தைத் திருப்பிக்கொண்டால் விட்டுவிடுவேன்.

சியேர்–சினாலில் அதிகாலையிலேயே கிளம்பும் ஒரு பிரிவு உண்டு. அவர்களை ‘சுற்றுலாப் பயணிகள்’ என்கிறார்கள். முன்னணி வீரர்கள் கிளம்புவதற்குப் பல மணி நேரம் முன்பே அவர்கள் இருட்டில் புறப்பட்டு அந்தக் காட்டில் ஏறிக்கொண்டிருப்பார்கள். அறுபது வயதுக்காரர்கள், அப்பாவும் மகளுமாக வருகிறவர்கள், வருடம் தவறாமல் வருகிறவர்கள். விநாடிக்கு ஒரு மீட்டர்கூட நகராத ஏற்றம் அது. அகலக்கோண லென்ஸுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது: அந்த 3 மீட்டரைக் கடக்க அவர்கள் மூன்று நான்கு விநாடி எடுப்பார்கள், முகம், கை, கோல், வேர், மரம் எல்லாம் ஒன்றுகூடும் கணத்துக்குக் காத்திருக்கலாம். இரண்டு வார்த்தை பேசக்கூட முடியும். “போன்ஷூர்” என்று அவர்கள்தான் முதலில் சொல்வார்கள்.

ஆனால் பந்தயங்களில் புகைப்படக்காரர்களை நியமிக்கும்போது திட்டம் பெரும்பாலும் முதல் பத்துப் பேரை வைத்தே போடப்படுகிறது. வென்றவருடைய படம் ஊடகங்களில் நூறு கோணத்தில் வந்துவிடும். ஆறு ஏழு மணி நேரம் ஏறி இறங்கியவருக்கு முடிவுக்கோட்டில் எடுத்த ஒரு படம் கிடைத்தால் பெரிய விஷயம். ஏற்பாட்டாளர்கள் என்னிடம் வேலை பேசும்போது நான் கேட்பது ஒன்றுதான்: முதல் ஏற்றத்தில் ஒருவரைக் காலை ஆறு மணிக்கே, ஓர் அகலக்கோண லென்ஸோடு நிறுத்துங்கள், அவர் முன்னணி வீரர்களைத் தவறவிட்டாலும் பரவாயில்லை. சிலர் ஒத்துக்கொள்கிறார்கள். ஒத்துக்கொள்ளாதபோது அந்த வேலையை என் சொந்தக் கணக்கில் செய்துவிட்டு, எட்டரை மணிக்குக் காட்டிலிருந்து இறங்கி, காரில் சாந்-லுக் கிராமத்துக்குப் போய், டிஞூஸா வரை கேபிள் ரயிலில் ஏறி, அங்கிருந்து வைஸ்ஹார்ன் ஓட்டலுக்கு நடக்கிறேன். வேகமாக நடந்தால் முதல் வீரர் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.